கேட்காமல் போகும் குரல்: வாக்கி-டாக்கியில் டோன் ஸ்குவெல்ச்



வாக்கி-டாக்கி வைத்திருக்கும் எவரும் அதன் அமைதியை நம்புகிறார். ஸ்பீக்கரில் சத்தம் இல்லை என்றால் சேனல் காலி, யாரும் பேசவில்லை, நாம் பேசலாம் என்று எடுத்துக்கொள்கிறார். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இன்று நான் பேச வந்திருக்கும் பொருள். டோன் ஸ்குவெல்ச் என்ற வசதி கருவியில் இயங்கிக்கொண்டிருக்கும்போது அந்த அமைதிக்கு இரண்டு அர்த்தங்கள் வந்துவிடுகின்றன. உண்மையிலேயே யாரும் பேசாமல் இருக்கலாம். அல்லது யாரோ பேசிக்கொண்டிருக்க, அலை ஆண்டெனாவரை வந்து சேர்ந்திருக்க, கருவியே அதைக் காதுக்கு விடாமல் நிறுத்தியிருக்கலாம். கேட்பவருக்கு இரண்டும் ஒரே அமைதிதான். ஆகவே நான் சொல்ல வருவது இது: அனுப்பும்போது டோனைச் சேர்த்து அனுப்புங்கள், அதனால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. பெறும்போது டோன் இருந்தால்தான் திறப்பேன் என்று கருவியை அடைத்து வைப்பதைத் தக்க காரணம் இல்லாமல் செய்யாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் செய்யவே செய்யாதீர்கள்.

முதலில் அடிப்படை. எஃப்.எம். முறையில் இயங்கும் கருவி சிக்னல் இல்லாத நேரத்தில் அமைதியாக இருப்பதில்லை. உள்ளே இருக்கும் பெருக்கிகள் தம்முடைய இரைச்சலையே முழு வேகத்தில் பெருக்கி, கொட்டும் அருவிபோன்ற ஓசையை ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். 1940-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலக் காவல்துறை, டேனியல் நோபிள் என்ற பொறியாளர் வடிவமைத்த எஃப்.எம். இருவழி வானொலியை மாநிலம் முழுக்க நிறுவியது. அன்றுமுதல் இன்றுவரை வண்டியில் வைக்கும் வயர்லெஸ் கருவிகளுக்கு அந்த இரைச்சலை அடக்குவது ஒரு கட்டாயத் தேவை. அதற்கு எஃப்.எம்.மின் இயல்பே கைகொடுத்தது. ஓர் அலை வந்து சேர்ந்ததும் இரைச்சல் சட்டென்று தணியும். பேச்சு ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், இரைச்சலோ அதற்கு மேலும் நீண்டு கிடக்கும். அந்த மேல்பகுதியை மட்டும் அளந்துகொண்டே இருந்து, அது குறைந்தவுடன் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டால் போதும். இதுதான் சாதாரண ஸ்குவெல்ச். அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அலை வந்திருக்கிறதா, இல்லையா? யாருடைய அலை என்று அது கேட்பதில்லை.

அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க வந்ததுதான் டோன் ஸ்குவெல்ச். ஒரே சேனலை டாக்சி நிறுவனமும் குழாய் வேலைக்காரர்களும் சரக்கு லாரிகளும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்த காலத்தில், அடுத்தவர் பேச்சை நாள் முழுக்கக் கேட்கும் தொல்லையிலிருந்து தப்ப ஒரு வழி தேவைப்பட்டது. 1950-களில் மோட்டோரோலா பிரைவேட் லைன் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் தன் கருவிகளில் அதையே சேனல் கார்டு என்றது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும் நேரம் முழுக்க, பேச்சுக்கு அடியில், 67 முதல் 254 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த ஓசை ஓடிக்கொண்டே இருக்கும். பெறும் கருவி அந்த ஓசையைத் தேடும். தனக்குக் குறித்துவைத்த அதே ஓசை இருந்தால் ஸ்பீக்கரைத் திறக்கும், இல்லையென்றால் அடைத்தே வைத்திருக்கும். ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஒரு வடிகட்டி வெட்டிவிடுவதால் அந்த ஓசை நம் காதில் விழுவதில்லை. ஆரம்பகாலக் கருவிகளில் இதைச் செய்தவை சிறு உலோக நாக்குகள். குறிப்பிட்ட ஓசைக்கு மட்டும் அதிரும்படி அவற்றை அறுத்துச் செய்திருந்தார்கள். பேச்சு முடிந்த பிறகும் அந்த நாக்கு சற்று நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும், அந்த இடைவெளியில் இரைச்சல் ஸ்பீக்கரில் வெடிக்கும். அதைத் தடுக்க, பொத்தானை விட்டதும் ஓசையின் கட்டத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கத்தை, சட்டென்று திருப்பிவிட்டு, நாக்கைக் கையால் பிடித்து நிறுத்துவதுபோல் நிறுத்தினார்கள். அழகான பொறியியல். நாக்குகளின் இடத்தைச் சில்லுகள் பிடித்துவிட்ட பின்னும் அந்தக் கட்டத்திருப்பம் பல கருவிகளில் இன்றும் தொடர்கிறது.

இந்த வசதியைப் பற்றி நிலவும் முதல் தவறான எண்ணம், அது குறுக்கீட்டைத் தடுக்கிறது என்பது. தடுப்பதில்லை. காற்றில் வரும் அலையை டோன் தொடுவதே இல்லை. ஆண்டெனாவில் இரண்டு அலைகள் ஒரே சேனலில் வந்து விழுந்தால், எஃப்.எம். கருவி வலுவானதைப் பற்றிக்கொண்டு மற்றதை அநேகமாக முழுவதும் விட்டுவிடும். அந்த வலுவான அலை அந்நியருடையது என்றால், உங்கள் ஆளின் குரலோடு அவருடைய டோனும் சேர்ந்து அமுங்கிப்போகும். டோன் ஸ்குவெல்ச் இல்லாத கருவியில் அப்போது அந்நியர் குரல் கேட்கும். எரிச்சலாக இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரியும். டோன் ஸ்குவெல்ச் உள்ள கருவியில் எதுவுமே கேட்காது. குறுக்கீடு அப்படியே இருக்க, அது இருக்கிறது என்ற தகவல் மட்டும் உங்களிடமிருந்து போய்விடுகிறது. இது முதல் விலை.

இதைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரே மலைச்சரிவில் இரண்டு குழுக்கள், ஒரே சேனல், வேறு வேறு டோன். முதல் குழுவில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது குழுவின் தலைவர் கையில் இருக்கும் கருவிக்கு அந்த அலை வந்து சேர்கிறது, ஆனால் டோன் பொருந்தவில்லை, ஸ்பீக்கர் ஊமை. சேனல் காலி என்று அவர் பொத்தானை அழுத்திக் கீழே இருக்கும் தன் ஆளைக் கூப்பிடுகிறார். அந்த ஆள் நிற்பதோ முதல் குழுக்காரருக்குப் பக்கத்தில். அவருடைய கருவியை அந்நியரின் அலை முழுவதுமாகப் பற்றிவைத்திருக்கிறது. தலைவரின் குரல் அதன் அடியில் அமுங்கிவிட்டது. அவர் கருவியும் ஊமை. பதில் வராததால் தலைவர் என்ன நினைப்பார்? தூரம் அதிகம், பேட்டரி தீர்ந்திருக்கும், ஆள் கருவியை அணைத்துவிட்டான் என்று நினைப்பார். மேட்டில் ஏறிப் பார்ப்பார், பேட்டரியை மாற்றிப் பார்ப்பார், மீண்டும் மீண்டும் கூப்பிடுவார். ஒவ்வொரு முறை அவர் பொத்தானை அழுத்தும்போதும் முதல் குழுவின் பேச்சையும் கெடுத்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் கருவியிலும் டோன் அடைப்பு இருக்கிறது. இத்தனைக்கும் உண்மையைச் சொல்ல ஒரு சாட்சி கருவியிலேயே இருக்கிறது. பல கைக்கருவிகளில் டோன் பொருந்தாத அலை வந்தாலும் தலைப்பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை என்றால் சேனலில் யாரோ இருக்கிறார் என்று பொருள். ஆனால் இடுப்பில் மாட்டியிருக்கும் கருவியின் விளக்கை யார் பார்க்கிறார்?

இரண்டாவது விலை, நேரத்தில். ஓர் ஓசை 67.0 ஹெர்ட்ஸா, பட்டியலில் அதற்கு அடுத்த 69.3 ஹெர்ட்ஸா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவிக்கும் அவகாசம் வேண்டும். 67 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வுக்கு ஏறக்குறைய 15 மில்லிநொடி ஆகிறது. இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்லப் பத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பார்த்தாக வேண்டும். இது மலிவான கருவியின் குறை அல்ல. நெருங்கிய இரண்டு ஓசைகளைப் பிரிக்க நேரம் செலவாகும் என்பது அலைகளின் கணக்கு. எண்முறையில் வந்த டி.சி.எஸ். வகையிலும் கதை பெரிதாக மாறவில்லை. அதில் நொடிக்கு 134.4 பிட் வேகத்தில் 23 பிட் கொண்ட ஒரு சொல் திரும்பத் திரும்ப ஓடும். ஒரு முறை முழுதாக வந்து சேரவே 171 மில்லிநொடி ஆகிவிடும். கூட்டிப்பார்த்தால், பொத்தானை அழுத்தியதிலிருந்து எதிர்முனையில் ஸ்பீக்கர் திறக்கும்வரை ஏறக்குறைய கால் நொடி. நடுவில் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்து, அதுவும் டோன் பார்த்துத்தான் திறக்கும் என்றால் இன்னொரு பங்கு. கால் நொடியில் தமிழ் பேசுபவர் ஓரிரு எழுத்தை உச்சரித்து முடித்துவிடுவார். நம் எண்களை நினைத்துப் பாருங்கள். அறுபது, எழுபது, எண்பது: பத்தின் மதிப்பு முழுவதும் முதல் எழுத்துகளில் இருக்கிறது, அவை வெட்டுப்பட்டால் எதிர்முனையில் கேட்பது 'பது' மட்டுமே. பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு பொறுத்து, பிறகு பேசு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். பதற்றம் வந்ததும் மனிதர்கள் முதலில் மறப்பதும் அந்த ஒரு மூச்சைத்தான்.

மூன்றாவது, பலவீனமான சிக்னல். இங்கே நியாயமாகப் பேச வேண்டும். நின்ற இடத்தில் ஒரே அளவாக வரும் மெல்லிய சிக்னலில், நன்றாகச் செய்யப்பட்ட டோன் கண்டறி மிகக் கூர்மையானது. அது சில ஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் கவனிப்பதால் அந்த இடுக்குக்குள் நுழையும் இரைச்சல் குறைவு. பேச்சு புரியாமல் போகும் அளவுக்குச் சிக்னல் தேய்ந்த பிறகும் அது டோனைப் பிடித்துவிடும். எனவே டோன் போட்டால் தூரம் குறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. ஆனால் களத்தில் சிக்னல் ஒரே அளவாக வருவதில்லை. ஓடும் வண்டியிலும், மரங்களுக்கு நடுவே நடக்கும்போதும், பல வழிகளில் எதிரொலித்து வரும் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் சிக்னலை நொடிக்குப் பல முறை வெட்டும். மனிதக் காது அந்த ஓட்டைகளை அர்த்தத்தால் நிரப்பிக்கொள்ளும். 'பாலம்', 'உடைந்து' என்று இரண்டு துண்டு காதில் விழுந்தாலே செய்தி வந்துவிடும். டோன் கண்டறிக்கு அர்த்தம் தெரியாது, தொடர்ச்சி மட்டும்தான் தெரியும். தொடர்ச்சி அறுந்தால் கதவை மூடும், பிறகு மறுபடி திறக்கக் கால் நொடி எடுத்துக்கொள்ளும். டி.சி.எஸ். முறையின் சொல்லில் 3 பிட் வரை பிழையைத் திருத்தும் ஏற்பாடு உண்டு. நீளமான ஓட்டையில் அதுவும் உதவாது. இதற்குமேல், பல கைக்கருவிகள் சாதாரண ஸ்குவெல்ச்சும் திறக்க வேண்டும், டோனும் பொருந்த வேண்டும் என்று இரண்டையும் கேட்கின்றன. ஒரு பூட்டு போதும் என்ற இடத்தில் இரண்டு பூட்டு.

போகிற போக்கில் நம் நாட்டுக்கு உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். டோன் பட்டியலை வகுத்தது அமெரிக்கா. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதன் மடங்கான 120 ஹெர்ட்ஸில் பட்டியலில் டோன் கிடையாது. நமக்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தைத் திருத்தும் சுற்றில் வடிகட்டல் சரியில்லை என்றால் மிஞ்சும் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் வரும். பட்டியலில் 100.0 என்றே ஒரு டோன் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவரின் கருவியை, மட்டமான பவர் சப்ளையில் ஓடும் அந்நிய நிலையம் ஒன்று டோனே அனுப்பாமல் திறந்துவிடக்கூடும். 151.4, 250.3 ஆகியவையும் மின்சாரத்தின் மடங்குகளுக்கு அருகில்தான் இருக்கின்றன. அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து 100.0 என்று நிரப்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனி, இதெல்லாம் உண்மையில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். 2013 ஜூன் 28-ஆம் தேதி அரிசோனா மாநிலத்தில் யார்னெல் என்ற சிற்றூருக்கு அருகே மின்னல் விழுந்து காடு பற்றியது. ஜூன் 30-ஆம் தேதி கிரானைட் மவுன்டன் ஹாட்ஷாட்ஸ் என்ற தீயணைப்புக் குழுவைச் சேர்ந்த 19 பேர் அந்தத் தீயில் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, அந்தத் தீ முழுவதிலும் வானொலித் தொடர்பு சிரமமாகவே இருந்தது என்கிறது. சில கருவிகளில் சரியான டோன் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை என்றும், குழுக்கள் அதைக் கண்டறிந்து மாற்று வழி செய்துகொண்டன என்றும் பதிவு செய்கிறது. மரணத்துக்கு டோன் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று காற்று திசை மாறியது, தீ திரும்பியது, அவர்கள் இருந்த இடம் அப்படி. துயரத்தை ஒற்றைக் காரணத்தில் அடைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. பல இடங்களிலிருந்து பல குழுக்கள் ஓரிடத்தில் வந்து குவியும் நாளில்தான் டோன் பொருந்தாமல் போகிறது. தினமும் ஒன்றாக வேலை செய்பவர்களின் கருவிகள் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டவை, அவை பொருந்தும். பேரிடர் நாளில் உதவிக்கு வருபவர் வெளியூர்க்காரர். டோன் அடைப்பு யாரைத் தடுக்க உருவாக்கப்பட்டதோ, அந்த அந்நியர்தான் அன்று உங்களுக்கு வேண்டியவர். தீ நெருங்கிக்கொண்டிருக்கும்போது பட்டியலைத் திறந்து எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேறொன்றுக்குத் தேவைப்பட்ட நிமிடம்.

இதை அனுபவத்தில் கண்ட அமைப்புகள் தம் விதிகளில் எழுதிவைத்திருக்கின்றன. அமெரிக்காவில் பல துறைகள் ஒன்றாகச் செயல்படும்போது பயன்படுத்தப் பொதுச் சேனல்கள் சில உண்டு. அவற்றுக்கு நாடு முழுக்க ஒரே டோன், 156.7 ஹெர்ட்ஸ். அந்நாட்டு அரசு வெளியிடும் களக் கையேடு இயல்பான அமைப்பாகக் கூறுவது இதுதான்: அனுப்பும்போது 156.7 சேர்த்து அனுப்பு, பெறும்போது டோன் பார்க்காமல் சாதாரண ஸ்குவெல்ச்சில் கேள். பெறும் பக்கமும் டோன் வேண்டுமென்றால், பயன்படுத்துபவரே அதை உடனுக்குடன் போடவும் எடுக்கவும் முடிகிற கருவியில் மட்டும் வைத்து, எப்போது எடுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடு என்கிறது. கடலில் பார்த்தாலும் இதே தெளிவு. உலகக் கப்பல்கள் அபாய அழைப்புக்குப் பயன்படுத்தும் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், நம் மீனவர்களின் வி.எச்.எஃப். கருவியிலும் அதே சேனல்தான். அதில் டோன் கிடையாது. மூழ்கும் படகுக்காரர் எந்த நாட்டவர், என்ன கருவி என்று பார்க்காமல் குரல் வந்தால் கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். விமானங்கள் பேசும் பட்டையிலும் கிடையாது. வண்டிகளில் பொருத்தும் பழைய வயர்லெஸ் கருவிகளில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. மைக் கொக்கியில் தொங்கும்வரை டோன் அடைப்பு வேலை செய்யும். பேசுவதற்காக மைக்கைக் கையில் எடுத்த கணமே அடைப்பு விலகி, சேனலில் இருப்பவை எல்லாம் கேட்கும். பேசும் முன் கேள் என்ற ஒழுங்கை மனிதரின் நினைவாற்றலுக்கு விடாமல் கொக்கிக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் பிடிக்கும் கருவிகள் பெருகியபோது கொக்கி போய்விட்டது. அதன் இடத்தில் பக்கவாட்டில் ஒரு சிறிய மானிட்டர் பொத்தான் வந்தது. அதை அழுத்துபவர் குறைவு.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது ஒன்று உண்டு. சேனலைத் திறந்து வைத்தால் அடுத்தவர் பேச்சும், எல்.இ.டி. விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் கணினிகளும் உமிழும் இரைச்சலும் ஸ்பீக்கரைத் திறந்துகொண்டே இருக்கும். எட்டு மணி நேரம் அதைக் கேட்கும் காவலர் ஒலியைக் குறைத்துவிடுவார், பிறகு அவசர அழைப்பையும் தவறவிடுவார். எனவே டோன் அடைப்பே பாதுகாப்பு என்பார்கள். இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். களைத்துப்போன காது உண்மையான ஆபத்து. இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: டோன் இருப்பதால் சாதாரண ஸ்குவெல்ச்சைத் தளர்த்தி வைக்க முடியும். விளக்கின் இரைச்சலில் டோன் இருக்காது, ஆகவே ஸ்பீக்கர் திறக்காது, தொலைவிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் மட்டும் உள்ளே வரும். ஒரு கட்டுப்பாட்டு அறையில், ஒரே இடத்தில் அமர்ந்து, தன் வண்டிகளை மட்டும் கேட்பவருக்கு இது நல்ல பயன். நான் கேட்பதெல்லாம், அந்த அறையில் இருப்பவருக்குச் சேனலின் நிலை தெரிய ஒரு விளக்காவது கண்ணெதிரில் இருக்க வேண்டும், பேசும் முன் மானிட்டரைத் தட்டும் பழக்கம் இருக்க வேண்டும் என்பதுதான். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யும் தொழில்துறை வானொலிக்கான தன் 90-ஆம் பகுதி விதிகளில், பேசும் முன் சேனலைக் கவனிப்பது உள்ளிட்ட முன்னெச்சரிக்கைகளை உரிமம் பெற்றவரின் பொறுப்பாக வைத்திருக்கிறது. களத்தில் நிற்பவர் கதை வேறு. அவர் காது களைப்பதற்கு மருந்து ஸ்குவெல்ச் அளவைச் சற்று இறுக்குவதும், நெரிசல் இல்லாத சேனலைத் தேர்வதும்தான். குரல்களை அடைத்துவைப்பது அதற்கு மருந்தாகாது.

ரிப்பீட்டர் வைத்து நடத்துபவர்கள் வேறொரு நியாயம் சொல்வார்கள், அதை முழுவதும் ஏற்கிறேன். மலையுச்சியில் இருக்கும் ரிப்பீட்டர் தனக்கு வருவதையெல்லாம் மறுபடி ஒலிபரப்பும். தூரத்து நிலையத்தின் சிதறலையும், பக்கத்துக் கோபுரத்தில் இரண்டு அலைகள் கலந்து பிறக்கும் போலி அலையையும் அது ஒலிபரப்பத் தொடங்கினால் பகுதி முழுவதற்கும் கெடுதல். ரிப்பீட்டரின் உள்வாயிலில் டோன் கட்டாயம் வேண்டும். ஒரே அதிர்வெண்ணில் பல மலைகளில் ரிப்பீட்டர் இருந்தால் எந்த மலை என்று தேர்வதற்கும் டோன்தான் வழி, அமெரிக்கக் காட்டுத்தீ அணிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இங்கே டோனைப் பார்ப்பது ஓர் இயந்திரம். இயந்திரத்துக்குத் திறந்த காது தேவையில்லை, அனுமதி தேவை. ரிப்பீட்டருக்குப் பொருந்தும் நியாயத்தை அப்படியே எடுத்து மனிதனின் ஸ்பீக்கருக்குப் பொருத்துவதுதான் தவறு. ரிப்பீட்டர் ஒலிபரப்பும் பக்கத்தைக் கேட்பவர் டோன் இல்லாமலே கேட்கலாம், எதுவும் நஷ்டமில்லை.

அனுப்பும் பக்கத்தில் டோனால் எந்தச் செலவும் இல்லையா என்றும் கேட்கலாம். உண்டு, சிறிய செலவு. 25 கிலோஹெர்ட்ஸ் சேனலில் அலை இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ் வரை விலக இடம் உண்டு. டோன் அதில் 0.5 முதல் 0.8 கிலோஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்ளும். பேச்சின் பங்கில் ஏழில் ஒன்று போகலாம், காதுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்குப் பதிலாக டோன் கேட்கும் எந்தக் கருவியும் உங்களுக்குத் திறக்கிறது. மிக மலிவான காப்பீடு.

இப்போது விற்பனை. கடையில் கிடைக்கும் ஜோடி வாக்கி-டாக்கிப் பெட்டிகளில் 22 சேனல், 121 பிரைவசி கோட், ஆக 2662 சேனல் என்ற கணக்கைப் பார்த்திருப்பீர்கள். 38 டோனும் 83 டி.சி.எஸ். எண்ணும் சேர்ந்து அந்த 121. சேனல் 22-தான், ஒன்றுகூடக் கூடவில்லை. அதைவிட மோசமானது பிரைவசி என்ற சொல்லை அதில் ஒட்டியது. டோன் இல்லாமல் கேட்கும் எந்தக் கருவியும் உங்கள் பேச்சைச் சொல் விடாமல் கேட்கும். உங்களுக்கு அவர்கள் கேட்பதில்லை என்பதால் அவர்களுக்கு நீங்கள் கேட்பதில்லை என்று நினைப்பது கண்ணை மூடிக்கொள்வதுதான். ஒருவருடைய பெயரும் அறை எண்ணும் அந்த நம்பிக்கையில் ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன. இதைப் பொழுதுபோக்குக் கருவி என்று விட்டுவிட முடியாது. மலையேற்றத்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் பள்ளிப் பேருந்துக்கும் இவற்றைத்தான் வாங்குகிறார்கள்.

டிஜிட்டல் வந்துவிட்டது, இனி டோன் பழங்கதை என்று சிலர் சொல்கிறார்கள். பெயர்தான் பழையது. டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் முறையில் 0 முதல் 15 வரை 16 கலர் கோட் உண்டு. காவல்துறைகள் பயன்படுத்தும் பி-25 முறையில் 12 பிட் கொண்ட நெட்வொர்க் குறியீடு உண்டு. பொருந்தாவிட்டால் கருவி ஊமை, டோனில் நடந்தது அப்படியே நடக்கும். இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் பேச்சுக்குழு என்பதும் பொருந்த வேண்டும். ஆனால் பி-25 வகுத்தவர்கள் ஒன்றை யோசித்திருக்கிறார்கள். பெறும் கருவியில் எஃப்-7-இ என்ற குறியீட்டை வைத்தால், எந்தக் குறியீட்டோடு வரும் குரலுக்கும் அது திறக்கும். டி.எம்.ஆர். கருவிகளில் எப்போது பேச அனுமதிப்பது என்ற அமைப்பு இருக்கிறது. சேனலில் எந்த அலையும் இல்லாதபோது மட்டும் என்றும் வைக்கலாம், தன் கலர் கோட் இல்லாதபோது என்றும் வைக்கலாம், எப்போதும் என்றும் வைக்கலாம். அந்த ஒரு வரியைப் பதிவு செய்பவர் எப்படி நிரப்புகிறார் என்பதில்தான் மேலே சொன்ன மலைச்சரிவுக் குழப்பம் நிகழ்வதும் நிகழாததும் இருக்கிறது. பெரும்பாலும் அந்த வரியைப் படிப்பவர் கருவியை விற்றவர், களத்தில் பேசப்போகிறவர் அதைப் பார்த்ததே இல்லை.

ஆகவே பதிவு செய்யும் மென்பொருளைத் திறப்பவர்களிடம் நேராகப் பேசி முடிக்கிறேன். ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு கட்டங்கள் இருக்கும், ஒன்று அனுப்பும் டோன், மற்றது பெறும் டோன். பெரும்பாலோர் இரண்டிலும் ஒரே எண்ணை நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். அனுப்பும் கட்டத்தை நிரப்புங்கள், பெறும் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கூட்டம் மிகுந்த நகரத்தில் தாங்க முடியவில்லை என்றால் அதே சேனலை இன்னொரு இடத்தில் பெறும் டோனோடும் சேமித்து, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பானின் ஒரு சொடுக்கில் அடைப்பு வரும், ஒரு சொடுக்கில் போகும். மானிட்டர் பொத்தானை வேறு வேலைக்கு மாற்றிவிடாதீர்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் குறைந்த திறனில் பயன்படுத்த விட்டிருக்கும் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை எல்லோருக்கும் பொது. பக்கத்துக் கட்டடத்தின் காவலாளியும் உங்கள் குழுவும் ஒரே சேனலில் இருப்பது அங்கே சாதாரணம். அந்தப் பட்டையில் இயங்கும் மலிவான கருவிகளில் பெரும்பாலும் அனுப்பும் டோனையும் பெறும் டோனையும் பிரித்து வைக்க முடியாது, கோட் என்று ஒரே எண் இரண்டுக்கும் சேர்ந்து மாறும். அப்படிப்பட்ட கருவியோடு காட்டுக்கோ வெள்ளப் பகுதிக்கோ போகிறவர்கள் கோட் எண்ணைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். குழுவில் ஒருவர் கருவியில் மட்டும் பழைய எண் மிஞ்சியிருந்தால், அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், எல்லோரும் பேசுவது அவருக்குக் கேட்காது. புறப்படும் முன் ஒவ்வொருவரும் பேசியும் கேட்டும் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான்.